பரணில் ஏறும் இயர்மஃப்: ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் வேட்டைக்கு உதவுமா?

சுடுதளத்தில் காதை மூடாமல் துப்பாக்கியைத் தொடாதவர்கள், காட்டுக்குப் போகும்போது மட்டும் காதைத் திறந்தே வைத்திருப்பார்கள். காரணம் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒன்று, "காதை மூடினால் மான் வருவது கேட்காது." இன்னொன்று, "ஒரே ஒரு வெடிதானே." முதல் பதிலில் நியாயம் இருக்கிறது. இரண்டாவதில் இல்லை. ஹோவர்ட் லைட் இம்பாக்ட் ஸ்போர்ட் போன்ற, காது முழுவதையும் மூடும் மின்னணு இயர்மஃப்கள் (சுருக்கமாக மஃப்) அந்த முதல் பதிலுக்கான மாற்று. சின்னச் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கும், பெரிய சத்தத்தை உள்ளே விடாது என்பது வாக்குறுதி. சுடுதளத்தில் அந்த வாக்குறுதி நன்றாகவே நிற்கிறது. நவம்பர் குளிரில், மரத்தில் கட்டிய வேட்டைப் பரணில், துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னம் வைத்துக் குறிபார்க்கும் நொடியில் எப்படி என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டைக்குத் தடை. இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. மிச்சிகனில் நவம்பர் 15, பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை என்று சீசன் தொடங்க நாள் எண்ணிக்கொண்டிருப்பவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

பொருள் எளிமையானது. இரண்டு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் முன்பக்கம் பார்த்த ஒரு மைக், தலைக்கு மேல் மடங்கும் பட்டை, இரண்டு ஏஏஏ பேட்டரி, முடுக்கவும் ஒலியைக் கூட்டவும் ஒரே திருகு. சுற்றுச் சத்தத்தை 82 டெசிபெல் வரைதான் பெருக்கும். அதைத் தாண்டினால் பெருக்குவதை நிறுத்திக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் இரைச்சல் குறைப்பு மதிப்பு 22. விலை பெரும்பாலும் 50, 60 டாலரைச் சுற்றி. பாட்டுக் கேட்க 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்றும் உண்டு. பரணில் அதற்கு வேலையில்லை.

பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் ஒன்றை முதலில் சரிசெய்துவிடலாம். வெடிச்சத்தத்தைத் தடுப்பது மின்னணு அல்ல. தடுப்பது பிளாஸ்டிக் கிண்ணமும், உள்ளே இருக்கும் பஞ்சும், காதைச் சுற்றித் தோலோடு ஒட்டும் மெத்தையும்தான். மின்சுற்றின் வேலை, வெளிச் சத்தத்தை உள்ளே ஒலிபரப்புவதும், வெடி கேட்டதும் அந்த ஒலிபரப்பை நிறுத்துவதும் மட்டுமே. பேட்டரி செத்துப்போனால் மான் நடப்பது கேட்காது, ஆனால் காப்பு அப்படியே இருக்கும். மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு தலைமுடிக் கொத்து மாட்டிக்கொண்டால், புத்தம் புது பேட்டரி போட்டிருந்தும் காப்பு போய்விடும். அதனால் இந்த மஃபை எடைபோட ஒரே வழி, சுடும் நொடியில் மெத்தை காதைச் சுற்றி முழுசாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். மைக் தரம், எதிர்வினை நேரம், நிறம் எல்லாம் அதற்கு அப்புறம்.

இப்போது 22 என்ற எண். 12 கேஜ் ஷாட்கன் சுடுபவரின் காதருகே உச்சமாக 150 முதல் 165 டெசிபெல் வரை போகும். .308, .30-06 போன்ற மான் ரைஃபிள்கள் 160-ஐத் தாண்டும். சாது என்று நினைக்கும் .22 ரைஃபிளே 140-ஐ ஒட்டி நிற்கும். அந்த 140தான் திடீர் வெடிச்சத்தத்துக்கு அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் போட்டிருக்கும் கூரை. 22 டெசிபெல் குறைவது என்றால் அழுத்தம் ஏறக்குறைய 12-இல் ஒரு பங்காகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 165-இல் 22 போனால் 143. பெட்டியில் போட்ட எண் முழுசாகக் கிடைத்தால்கூடக் கூரைக்கு மேலேயே நிற்கிறோம். அந்த எண்ணும் முழுசாகக் கிடைப்பதில்லை. அது ஆய்வகத்தில், தொடர்ச்சியான இரைச்சலில், சரியாக மாட்டிவிட்ட மஃபில் அளந்தது. நடைமுறைக்கு இயர்மஃப் மதிப்பில் கால் பங்கைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்கத் தொழில்சார் ஆய்வு நிறுவனம் நியோஷ். வெடிச்சத்தத்தில் மஃப்கள் இந்தக் கணக்கைவிட நன்றாக நடந்துகொள்வதும் உண்டு, மோசமாக நடந்துகொள்வதும் உண்டு. ஆகவே கழித்தல் கணக்கை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளுங்கள், வாக்குறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ஒரே வெடிதானே" என்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பெரிய சத்தம் வந்தால் நடுக்காதுத் தசை இறுகிக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அது இறுகப் பல மில்லி நொடிகள் பிடிக்கும். வெடியின் உச்சம் அதற்குள் உட்காதைத் தாண்டிப் போயிருக்கும். உட்காதின் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் சுற்றிய உயர் ஒலிகள். சருகு நொறுங்குவது, சுள்ளி ஒடிவது எல்லாம் உயர் ஒலியிலேயே தெளிவாகக் கேட்பவை. மான் சத்தம் கேட்க வேண்டும் என்று காதைத் திறந்து வைத்தே, அந்தச் சத்தத்தைக் கேட்கும் திறனை வருடாவருடம் இழக்கிறார்கள்.

கட்டையில் கன்னம் வைக்கும்போது

இந்த மஃபின் உண்மையான பலமும் பலவீனமும் இங்கேதான். ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது, வலக்கைக்காரருக்கு வலப்பக்கக் கிண்ணத்தின் கீழ்விளிம்பு கட்டையில் இடிக்கும். இடித்தால் கிண்ணம் மேலே தள்ளப்பட்டு, காதுமடலுக்குக் கீழே ஒரு பிளவு திறக்கும். கண்முன் மான் நிற்கும் பதற்றத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. பிளவு திறந்த அதே நொடியில் விசை அழுத்தப்படும். இம்பாக்ட் ஸ்போர்ட்டின் கிண்ணங்கள் கீழ்ப்பகுதியில் ஒடுங்கியிருப்பதால் தடித்த மஃப்களைவிட இடிப்பது குறைவு. குறைவுதான், இல்லாமல் போகவில்லை. கழுத்து குட்டையானவர்களுக்குக் கட்டாயம் இடிக்கும்.

வாங்கியதும் வீட்டிலேயே சோதித்துவிடலாம். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் குழியைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். மஃபை மாட்டி மின்னணுவை அணைத்துவிட்டுக் குழாயைத் திறந்து தண்ணீரை ஓடவிடுங்கள். சலசலப்பு மந்தமாகக் கேட்கும். இப்போது துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் பிடித்துத் தோளில் ஏற்றிக் கன்னம் வையுங்கள். தண்ணீர்ச் சத்தம் திடீரென்று தெளிந்தால் மெத்தை விலகிவிட்டது என்று அர்த்தம். வேட்டையின்போது போடப்போகும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்த நிலையிலும் செய்து பாருங்கள். தடித்த கோட்டில் தோள் உயர்ந்து கன்னம் படும் இடமே மாறிவிடும்.

விலகினால், கிண்ணத்தை அரை அங்குலம் மேலேற்றிச் சற்றுப் பின்பக்கம் சாய்த்து மறுபடி பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகாவிட்டால் கட்டையின் கன்னம்படும் பகுதிக்கு உயரம் கூட்டும் பட்டை போடலாம், தலை நிமிர்ந்து நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் அந்தத் துப்பாக்கிக்கு மஃப் ஒத்துவராது. காதுத்துளைக்குள் செருகும் இயர்பிளக் பக்கம் போய்விடுங்கள். ஒரு சின்ன ஆறுதல்: வலக்கைக்காரரின் இடது காதுதான் குழல்வாயை நேராகப் பார்க்கிறது, வலது காது தலையின் நிழலில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுட்டவர்களுக்கு இடது காது முதலில் மந்தமாவது அதனால்தான். ஆனால் 160-க்கு மேல் போகும் சத்தத்தில் நிழலில் இருக்கும் காதும் தப்பாது.

கண்ணாடி, தொப்பி, தாடி

மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் புகுந்து இரண்டு பக்கமும் ஒரு சின்னக் குகை உண்டாக்கும். சில டெசிபெல்கள் அதிலேயே போய்விடும். காம்பு மெல்லிய கம்பியாக இருந்தால் இழப்பு குறைவு, தடித்த பிளாஸ்டிக் என்றால் அதிகம். மஃபோடு வரும் மெத்தை சுமாரானது. இதை மாற்றி ஜெல் மெத்தை போடுவது அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பரவலான பழக்கம். காம்புக்கென்றே பள்ளம் விட்ட நாய்ஸ்ஃபைட்டர்ஸ் சைட்லைன்ஸ் மெத்தை இதற்குப் பொருந்தும், விலை கிட்டத்தட்ட மஃபின் விலைக்கே வரும். கண்ணாடி போடுபவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். போடாதவர்களுக்கு அவசியமில்லை.

கம்பளிக் குல்லாயைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டு அதன்மேல் மஃப் மாட்டுவதுதான் பரணில் அதிகம் நடக்கும் தப்பு. துணிக்கு மேல் மெத்தை ஒட்டாது. முதலில் மஃப், அதன்மேல் குல்லாய், கிண்ணத்தின் மேல்விளிம்போடு குல்லாய் நிற்க வேண்டும். மைக்கை மூடக் கூடாது. ஆரஞ்சு நிற பேஸ்பால் தொப்பி போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. தொப்பியின் உச்சியில் ஒரு பொத்தான் இருக்கும். தலைப்பட்டை அதன்மேல் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் உச்சந்தலையில் ஆணி அடித்ததுபோல் குத்தும். பொத்தானைக் கத்தரித்துவிடுங்கள், அல்லது பொத்தான் இல்லாத தொப்பியாகப் பாருங்கள். அற்ப விஷயம்தான், ஆனால் வலியால் மஃபைக் கழுத்துக்கு இறக்கி விட்டவர்கள் மான் வந்ததும் அதை மேலேற்ற மறந்துவிடுகிறார்கள். காதோரம் அடர்ந்த தாடி, தொங்கும் காதணி, கிண்ணத்துக்குள் மாட்டும் நீளமுடி எல்லாமே கசிவுதான்.

என்ன கேட்கிறது

இந்த விலைக்கு ஒலி நன்றாகவே இருக்கிறது. திருகைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தால் வெறுங்காதுக்கு எட்டாத சருகுச் சத்தம்கூட எட்டும். இதில் ஒரு பொறி உண்டு. காய்ந்த ஓக் சருகில் ஒரு அணில் ஓடினால் மஃபுக்குள் அது காட்டெருமைபோல் கேட்கும். சத்தத்தின் அளவை நம்பாமல் தாளத்தைக் கவனிக்க வேண்டும். அணில் துள்ளித் துள்ளிப் படபடவென்று போகும். மான் இரண்டு மூன்று அடி வைக்கும், நிற்கும், வெகுநேரம் ஒன்றும் கேட்காது, மறுபடி ஒரு அடி. முதல் சில நாட்களுக்குத் திருகைக் குறைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் அணிலுக்கெல்லாம் துப்பாக்கியைத் தூக்கி, உண்மையான மானுக்கு உங்கள் அசைவைக் காட்டிக்கொடுப்பீர்கள்.

இரண்டு மைக் இருப்பதால் சத்தம் இடமா வலமா என்று தெரியும். முன்னாலா பின்னாலா என்பதில் குழம்பும். வெறுங்காதில் அதைச் சொல்வது காதுமடலின் மடிப்புகள், மஃப் அவற்றை மூடிவிடுகிறது. சத்தம் கேட்டதும் தலையை மட்டும் மெதுவாகக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள், ஒலி எந்தக் காதுக்கு நகர்கிறது என்பதில் திசை பிடிபடும்.

காற்றடித்தால் மைக்கில் பேரிரைச்சல். மைக்கை மூடிய சின்னப் பஞ்சு ஓரளவு அடக்கும், பலத்த காற்றை அடக்காது. அந்த நாட்களில் திருகைக் கால் பங்குக்கு இறக்குவதைத் தவிர வழியில்லை. நைலான் கோட்டின் காலர் கிண்ணத்தில் உரசினாலும் இடிபோலக் கேட்கும். ஃபிளீஸ் அல்லது கம்பளி மேலாடை போட்டால் இந்தத் தொல்லை பாதியாகும்.

நான்கு மணி நேரம்

பேட்டரியைச் சேமிக்க, தொட்டுப் பார்க்காமல் விட்டால் நான்கு மணி நேரத்தில் இந்த மஃப் தானாக அணைந்துவிடும். சுடுதளத்துக்கு இது வரம். பரணில் இது எரிச்சல். காலை 5.30-க்கு ஏறி முடுக்கினால் 9.30-க்கு அணையும். குளிரில் அரைத்தூக்கத்தில் இருப்பவர், காடு திடீரென்று அமைதியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். போனில் அதிர்வு மட்டும் வைத்து, முடுக்கிய மூன்றே முக்கால் மணி நேரத்தில் வரும்படி ஒரு நினைவூட்டல் போடுங்கள். அணைத்து மறுபடி முடுக்கினால் கணக்கு புதிதாக ஓடும். வேட்டைக்கென்று பார்த்தால் எங்களுக்கு இந்த மஃபில் பெரிய குறை இதுதான்.

ஆல்கலைன் பேட்டரி உறைகுளிரில் சக்தி இழக்கும். லித்தியம் ஏஏஏ குளிரை நன்றாகத் தாங்கும். எதைப் போட்டாலும் உபரியாக இரண்டை உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள்.

பிளக்கும் சேர்த்தால்

143 என்ற அந்தக் கணக்கு உறுத்துகிறதல்லவா, அதற்கு மருந்து மலிவானது. மஃபுக்கு அடியில் ஃபோம் பிளக். ஹோவர்ட் லைட்டின் மேக்ஸ் பிளக்குக்கு மதிப்பு 33. இரண்டையும் சேர்த்துப் போட்டால் 33-உம் 22-உம் கூடி 55 ஆகாது. பெரிய எண்ணோடு சுமார் 5 சேரும் என்பது வழக்கமான கணக்கு, ஆகவே 38. அதற்குமேல் போனால் மண்டையோட்டு எலும்பு வழியாகவே சத்தம் உட்காதுக்குப் போய்விடும். 165-இல் 38 போனால் 127. மஃபின் திருகைக் கூட்டிக்கொண்டால் பிளக் வழியாகவும் பேச்சும் சருகுச் சத்தமும் கேட்கும். மின்னணு மஃபின் நிஜமான மதிப்பு இந்த இரட்டை ஏற்பாட்டில்தான் தெரியும். சுடுதளத்தில் துப்பாக்கியின் குறியைச் சரிபார்த்து ஸீரோ செய்யும் நாளில் கட்டாயம் இப்படிச் செய்யுங்கள். பரணில் உங்கள் விருப்பம். உதைப்பைக் குறைக்கும் மசில் பிரேக்கை வாயில் பொருத்திய குழல் என்றால் விருப்பம் என்ற பேச்சே இல்லை. பிரேக் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடுவதால் சுடுபவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பல டெசிபெல் கூடும். பெட்டிபோல் அடைத்த மறைவிடத்துக்குள் உட்கார்ந்து சுட்டால் சுவர்கள் சத்தத்தைத் திருப்பியடிக்கும், நிலைமை இன்னும் மோசம். கூட வந்தவருக்கும் ஒரு ஜோடி கொண்டுபோங்கள். சுடப்போவது எந்த நொடி என்று அவருக்குத் தெரியாது.

பிளக்கை எல்லோரும் தப்பாகத்தான் செருகுகிறார்கள். விரல் சுத்தமாக இருக்க வேண்டும். மடிப்பு விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுங்கள். அப்போதுதான் வளைந்த காதுத்துளை நேராகும். உள்ளே தள்ளி, விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். நேராகப் பார்க்கிறவருக்குப் பிளக் வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் அது போய்ச் சேரவில்லை. உள்ளங்கைகளால் காதை மூடித் திறந்து பாருங்கள், சத்தம் பெரிதாக மாறினால் மறுபடி செருக வேண்டும். குளிரில் ஃபோம் விறைத்து மெதுவாகத்தான் விரியும், வண்டியை விட்டு இறங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

குழல்வாயில் மாட்டும் ஒலிக்குறைப்பான் சப்ரஸர் வைத்திருக்கிறோமே, இதெல்லாம் எதற்கு என்பவர்கள் உண்டு. நல்ல சப்ரஸர் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும். 2026 ஜனவரி 1 முதல் அதற்கான 200 டாலர் கூட்டாட்சி வரியும் நீங்கிவிட்டதால் இனி அதிகம் பார்ப்போம். ஆனால் ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறக்கும் தோட்டாவின் வெடிப்பொலியைச் சப்ரஸர் தொடாது. மான் ரைஃபிளில் சப்ரஸரோடும் 140-க்குப் பக்கத்திலேயே நிற்பீர்கள். அங்கே இந்த 22 முழு வேலையும் செய்யும். சப்ரஸரும் இம்பாக்ட் ஸ்போர்ட்டும் சேர்ந்தால் பரணுக்கு அதைவிட வசதியான கூட்டு இல்லை.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், வாக்கர்ஸ் ரேஸர் ஸ்லிம்மின் மதிப்பு 23, இதுவும் ஒல்லி, இரண்டுக்கும் நடுவே தேர்வு உங்கள் தலை வடிவத்தைப் பொறுத்தது. 3எம் பெல்ட்டர் ஸ்போர்ட் டாக்டிக்கல் 500-க்கு மதிப்பு 26, புளூடூத்தும் உண்டு, ஆனால் கிண்ணம் பருமன். ரைஃபிளில் இடித்து விலகினால் அந்தக் கூடுதல் 4 டெசிபெல்லால் பயனில்லை. ஸ்யூர்ஃபயர் இபி4 போன்ற மூடியுள்ள பிளக்குகள் நடந்து வேட்டையாடுபவர்களுக்குச் சௌகரியம். மூடியை அடைத்தால்தான் 24 என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. இது மழைக்கான பொருள் இல்லை, தூறலில் மைக்கைக் காப்பாற்றுங்கள். குளிரிலிருந்து சூடான வண்டிக்குள் கொண்டுவந்ததும் மடித்துப் பையில் போடாமல் விரித்து வையுங்கள், உள்ளே ஈரம் கோக்கும். மெத்தை விறைத்தாலோ வெடித்தாலோ மாற்றிவிட வேண்டும், அடிக்கடி மாட்டுபவர்களுக்கு இது வருடத்துக்கு ஒரு முறையாவது வரும். சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி எடுத்துவிடுங்கள். எட்டு, ஒன்பது மாதம் அலமாரியில் கிடந்து ஆல்கலைன் கசிந்தால், அடுத்த நவம்பரில் மூடியைத் திறக்கும்போது முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.